ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய சேகர குருவானவர் அவர்களுக்கும், சபைப் பெரியோர்களுக்கும், உடன் ஆசிரியர்களுக்கும், பெற்றோர்களுக்கும் கிறிஸ்துவின் இனிய நாமத்தில் ஸ்தோத்திரம்.

மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), மனப்பாட வசனப் போட்டி, கிறிஸ்துமஸ் நாடகம் எல்லாம் கர்த்தருடைய கிருபையால் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் மனதில் தங்கிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் நம் ஞாயிறு வேதபாடத்தின் பெரிய வகுப்பில் பாதிப் பிள்ளைகளைக் காணோம். விசாரித்தால், ஞாயிறு காலை டியூஷன். 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் இராபர்ட் ரெய்க்ஸ் ஓய்வுநாள் பள்ளியைத் தொடங்கியபோது, வாரமெல்லாம் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைத்தது அந்த ஒரு நாள்தான். எழுதப் படிக்கவும் வேதத்தை அறியவும் அதுவே அவர்களுக்கு நேரம். நம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாளும் இல்லாமல் போகிறது. பெற்றோரோடு வாதாடுவதை விட்டு, ஆராதனைக்குப் பின் நடந்த வகுப்பைக் காலை 7 மணிக்கு மாற்றினோம். அநேகர் திரும்ப வந்தார்கள்.

அடுத்து என் தவறு ஒன்றை அறிக்கையிட வேண்டும். என் வகுப்பில் ஒரு சிறுமி நான்கு வாரம் வரவில்லை. நான்கு வாரமும் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறித்தேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. ஐந்தாம் வாரம் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா திண்ணையில் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும், நான் கேட்காமலேயே, விட்டுப்போன வாரங்களின் வசனங்களை ஒப்பித்தாள். அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் படித்து வைத்திருந்தாளாம். "டீச்சர், தம்பியத் தூக்கிட்டு வந்தா ஏசுவீங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பேச வாய் வரவில்லை.

மறு வாரமே வகுப்பின் ஓரத்தில் கைக்குழந்தைகளுக்கென்று ஒரு பாய் விரித்தோம். இரண்டு வாரம் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டை ஆசிரியர் சந்திக்க வேண்டும் என்று சங்கம் தீர்மானித்தது. அந்தச் சிறுமி இப்போது தம்பியோடு முதல் ஆளாய் வருகிறாள்.

மாற்கு சுவிசேஷம் 10-ஆம் அதிகாரத்தில் இயேசுவிடம் பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டியவர்கள் வெளியாட்கள் அல்ல, சீஷர்கள். "இயேசு அதைக் கண்டு, விசனமடைந்து" என்று எழுதியிருக்கிறது. அவர் அந்தப் பிள்ளைகளை அணைத்து, அவர்கள்மேல் கைகளை வைத்து ஆசீர்வதித்தார். ஆராதனையில் பிள்ளை அழுதால் நாம் திரும்பிப் பார்க்கிற பார்வையை எண்ணும்போதெல்லாம் இந்த வசனம் என்னைக் குத்துகிறது. நாளைய சபை என்று பிள்ளைகளைச் சொல்கிறோம். ஞானஸ்நானம் பெற்ற அவர்கள் இன்றைக்கே சபைதான்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். எந்த ஆசிரியரும் ஒரு பிள்ளையோடு தனியாக அடைத்த அறையில் இருக்கக் கூடாது என்ற விதியை இவ்வாண்டு எழுதி வைத்தோம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பும் வைத்தோம். குழந்தைகள் உதவி எண் 1098 பிள்ளைகளின் கண்மட்டத்தில் சுவரில் எழுதப்பட்டுள்ளது. இதெல்லாம் சபைக்குள் வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டும்.

சபைக் கமிட்டிக்கு இரண்டு விண்ணப்பங்கள். பாலர் வகுப்பு இன்னும் பாத்திரங்கள் அடுக்கிய பின்னறையில்தான் நடக்கிறது. அசனத்துக்கு (சபை விருந்துக்கு) முன் அதை மாற்றித் தர வேண்டும். ஆண் ஆசிரியர்கள் மிகக் குறைவு. வாலிபர் சங்கத்திலிருந்து இருவரையாவது தர வேண்டும்.

வரும் ஞாயிறும் வகுப்பு காலை 7 மணிக்கே. பாய் விரிக்கக் கால் மணி நேரம் முன்னதாக யாராவது வந்தால் உதவியாயிருக்கும்.

கிறிஸ்துவின் பணியில்,
செயலாளர்