புற்றுநோயாளிக்கு இந்தப் பத்தியம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

புற்றுநோய் வார்டில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். என் தம்பி மனைவி மார்பகப் புற்றுநோய்க்காகக் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கிறாள். நலம் விசாரிக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சர்க்கரை கூடாது, பால் கூடாது, முட்டை கூடவே கூடாது, முள்சீத்தா இலைக் கஷாயம் குடி. பயந்துபோய் அவளும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டாள். எடை மளமளவென்று இறங்கி, எழுந்து நடக்கவும் தெம்பில்லாமல் போய், அடுத்த சுற்று மருந்தை மருத்துவர் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. என் பணிக்காலம் முழுவதும் பார்த்த கொடுமை, இன்று என் வீட்டிலேயே நடக்கிறது.

சர்க்கரைதான் புற்றுக்குத் தீனி என்கிறார்கள். புற்றணுக்கள் குளுக்கோஸை அதிகம் இழுத்துக்கொள்வதை ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டறிந்தார். ஆனால் சோற்றை நிறுத்தினால், உடல் தன் தசையைக் கரைத்தாவது கல்லீரலில் குளுக்கோஸைத் தயாரித்துக்கொள்ளும். புற்றுக்கு வேண்டியது கிடைத்துவிடும். நோயாளிதான் உருக்குலைந்து போவார்.

சிகிச்சையில் இருப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை, தினமும் புரதம் வேண்டும் என்கின்றன ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல்கள். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது 50 முதல் 75 கிராம். ரசம் சாதத்தில் இது எப்படிக் கிடைக்கும்? ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் இருக்கிறது. நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். கிருமிகளை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் அரைவேக்காடு ஆபத்து. மீன், தயிர், பருப்பு, சுண்டல் எல்லாம் கொடுக்கலாம். வாய்ப்புண் வந்து காரம் எரிகிறதா? பாசிப்பருப்புக் கஞ்சியில் நெய் விட்டு, ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள். சர்க்கரை நோயும் உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வருமுன் காப்பதில் உணவுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003இலேயே அறிவித்துவிட்டது. மதுவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு கல்லீரலைத் தாக்கும். முட்டைக்குத் தடை போடும் வீடுகளில் வெற்றிலைப்பாக்குத் தட்டு மட்டும் கூடத்திலேயே இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கீமோ தொடங்கும் நாளிலேயே உணவியல் நிபுணர் நோயாளியோடு பேச வேண்டும். அந்த வீட்டில் சமைக்கிறவரையும், மாமியாரோ மகளோ, கூட உட்காரவைக்க வேண்டும். என்ன கொடுக்கலாம் என்பதைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, மருந்துச் சீட்டோடு சேர்த்துக் கொடுத்தனுப்ப வேண்டும். மக்கள் நல்வாழ்வுத் துறை இதை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கும்பகோணம்