2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், நிருவாகக் குழுவினர் மற்றும் உறுப்பினர்கள் அனைவருக்கும் எனது வணக்கம்.

பொங்கல் விழாவும் மாதாந்தக் கூட்டங்களும் மட்டக்களப்பு வாவிக்கரைச் சிரமதானமும் வழமைபோல் நடைபெற்றன.

இவ்வாண்டு நான் பொறுப்பேற்ற மரத்தேரைப் பாதுகாப்புப் பணியைச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. நம் வளவுகளில் வாழும் புள்ளி மரத்தேரை, 1838இல் சூடி என்ற அறிஞர் பெயரிட்ட பொலிபெடேட்டிஸ் பேரினத்தைச் சேர்ந்தது. தொடையின் பின்புறத்திலுள்ள மஞ்சள் புள்ளிகளைக் கொண்டு அதை அடையாளம் காணலாம். கோடையில் மரப்பொந்திலும் குளியலறைச் சுவரிலும் ஒதுங்கியிருக்கும் இது, மாரி தொடங்கியதும் நீருக்கு மேலே தொங்கும் இலையிலோ கிணற்றின் உட்சுவரிலோ பின்னங்கால்களால் அடித்து நுரைக்கூடு கட்டி, அதனுள் முட்டையிடும். கூட்டின் வெளிப்புறம் காய்ந்து பழுப்பேறினாலும் உட்புறம் ஈரமாகவே இருக்கும். சில நாட்களில் நுரை இளகி, தேரைக் குஞ்சுகளான வாற்பேய்கள் நேரே நீரில் விழும். ஆகவே கீழே நீர் இல்லையேல் அந்தக் கூட்டுக்குப் பயன் இல்லை. இதை அறியாமல் பலர் அழுக்கென்று கருதி விளக்குமாற்றால் வழித்தெறிகின்றனர்.

கார்த்திகை வெள்ளத்தின் பின் கிணறுகளுக்குக் குளோரின் இடுவது மக்களின் உடல்நலத்துக்கு இன்றியமையாதது. அதை நாம் ஒருபோதும் எதிர்க்கவில்லை. ஆனால் குளோரின் வாற்பேய்களைக் கொன்றுவிடும் என்பதால், கிணறு இறைப்பதற்கு முன் கூடுகளைப் பெயர்த்து, மழைநீர் தேங்கிய பள்ளங்களின் மேலே கட்டித் தொங்கவிட வேண்டும் என்று நிருவாகக் குழுவில் தீர்மானித்தோம். தீர்மானத்துக்குக் கையுயர்த்தியவர்களில் பெரும்பாலோர் மழையிரவில் வரவில்லை. இரண்டொரு இளைஞர்களும் நானும் டோர்ச் விளக்குடன் வீடு வீடாகச் சென்றோம். எல்லா வளவுகளுக்கும் எங்களால் போக முடியவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். கையிருப்பு சிறிதே, சந்தா நிலுவை பெரிது. டோர்ச், மழையங்கி ஆகியவற்றின் செலவு இன்னும் ஈடுசெய்யப்படவில்லை.

வளவுக்குள் அனுமதித்த குடும்பங்களுக்கும் தேநீர் தந்த தாய்மாருக்கும் கணக்காய்வாளருக்கும் நன்றி.

வரும் மாரிக்கு முன் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒருவராவது பெயர் தர வேண்டும். பணியைத் தொடர நான் ஆயத்தமாக உள்ளேன். செயலாளர் பொறுப்பை விரும்பி ஏற்பவர் இருந்தால், அவருக்குக் கீழும் மகிழ்ச்சியுடன் வேலை செய்வேன். சந்தா நிலுவையுள்ளோர் அடுத்த கூட்டத்துக்கு முன் பொருளாளரைச் சந்திக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்