கித்தா (ரப்பர்) மரத்தடியில் செடி வைத்தவர்களுக்கு

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் செடிக் கடைக்குத் திரும்பி வந்த கலத்தியா என்ற அழகு இலைச் செடித் தொட்டிகள் எல்லாம் ஒரே கதி. இலை ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு, நடுவில் வெளுத்த திட்டு. "தம்பி, நோய்ச் செடியைக் குடுத்துட்டீங்க" என்று ஓர் அக்கா கோபமாகவே வந்தார். நோய் இல்லை அக்கா, வெயில். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால் எல்லோரும் சொன்னது கித்தா மரத்தடி, நல்ல நிழல்.

நிழல்தான், மற்ற மாதங்களில். பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும், பாலும் குறையும், தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தளிர் வந்து மூடும்வரை சில வாரங்கள் வெயில் நேராகத் தரையில் இறங்கும், மலேசியாவில் நம் கெடா மாநிலத்தில் அது மழை குறைந்த சமயம் வேறு. விற்கும்போது இதைச் சொல்லாமல் விட்டது எங்கள் தப்பு.

குளிர் நாடுகளில் இப்படி மொட்டையாகும் மரங்களை நம்பியே பிழைக்கிற செடிகள் உண்டு. சிலர் செல்போனில் காட்டிக் கேட்கிறீர்களே, அம்பு முனை இலையும் வெள்ளை நரம்புமாக, ஆரம் இத்தாலிக்கம், அது சேம்புக் குடும்பம். கோடை முடிந்து குளிர ஆரம்பிக்கும்போது இலை விட்டு, மரமெல்லாம் இலையில்லாமல் நிற்கும் குளிர்காலம் முழுக்க வெளிச்சம் குடித்து, மேலே தழைத்து இருட்டும் கோடையில் இலை வாடி மண்ணுக்குள் போய்விடும். அழகுதான், ஆனால் வரவழைத்துத் தர மாட்டோம். வருஷம் முழுக்க 24க்கும் 33க்கும் நடுவில் வேகும் நம் ஊரில் அதற்குக் குளிர்காலம் எப்போது என்றே தெரியாது.

சரி, கருகியதை என்ன செய்வது? கருகிய இலை மறுபடி பச்சையாகாது, வெட்டிவிடுங்கள். தொட்டியிலிருந்து எடுத்து அடித்தண்டை அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் பிழைக்கும், கொழகொழவென்றால் விட்டுவிடுங்கள். கித்தா மரத்தடியில் எதையும் மண்ணில் நடாமல் தொட்டியிலேயே வையுங்கள், மரத்து வேரோடு போட்டி இல்லை, ஜனவரி கடைசியில் அப்படியே தூக்கி வீட்டுத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடலாம். தூக்க முடியாதவர்கள் 70 சதவீதம் நிழல் தரும் கறுப்பு வலை கட்டுங்கள். கொட்டிய சருகைக் கூட்டி எரிக்காதீர்கள், தண்டில் ஒட்டாமல் சுற்றிலும் பரப்பினால் ஈரம் நிற்கும்.

வீட்டில் மாமரமோ ரம்புத்தானோ இருந்தால் கவலை குறைவு, அவை ஒரேயடியாக மொட்டையாவதில்லை. கலத்தியாவும், மலாய்க்காரர்கள் பாக்கு லாங்சுயிர் என்கிற பறவைக்கூட்டுப் பெரணியும் அங்கே தாராளமாக வரும். இருட்டு மூலைக்குக் கரும்பச்சை அக்லோனிமா போதும். சிவப்பு வகைக்குக் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும், இருட்டில் நிறம் மங்கிவிடும். அப்புறம், அக்லோனிமா சாறு பட்டால் அரிக்கும், தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் உயரத்தில் வையுங்கள்.

அடுத்த தடவை வரும்போது செடி வைக்கப்போகும் இடத்தில் நின்று, அண்ணாந்து ஒரு படம் எடுத்து வாருங்கள். மரத்தைப் பார்த்துத்தான் செடி தருவோம். திங்கட்கிழமை கடை இல்லை.