வலி பொய் இல்லை அம்மாடி

அம்மாடி,

கழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டால் "பரவாயில்லப்பா" என்கிறாய், அடுத்த நொடியே போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்ததும் எங்களுக்கெல்லாம் நிம்மதி, உனக்கு மட்டும் முகம் வாடிவிட்டது. "அப்போ நான் நடிக்கிறேனா" என்று அண்ணனிடம் கேட்டாயாமே. இல்லம்மா. ஸ்கேனில் எலும்பு தெரியும், எலும்புகளுக்கு நடுவே இருக்கிற தட்டு தெரியும், நரம்பு மண்டலம் எவ்வளவு பதற்றத்தில் இருக்கிறது என்பது தெரியாது.

கொஞ்ச நாளாக இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆபத்து வந்தால் எதிர்த்து நிற்கவோ ஓடவோ உடம்பைத் தயார் செய்கிற பரிவு நரம்பு மண்டலம் பற்றி அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-லேயே எழுதிவிட்டார். அது கிளம்பினால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும். ஆபத்து போனதும் எல்லாம் தணிய வேண்டும். ஆனால் தினமும் ஏதோ ஒன்று மனதை அழுத்திக்கொண்டே இருந்தால் எப்படித் தணியும்? தோளும் தாடையும் முழுதாகத் தளர்வதில்லை, தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டால் வலி கூடுகிறது, வலி கூடினால் பயம், பயத்தில் மறுபடி இறுக்கம். மாதக்கணக்கில் இப்படியே போனால் தண்டுவடமும் மூளையும் சின்ன வலியையும் பெரிதாக்கி உணரப் பழகிவிடலாம். திசுவிலோ நரம்பிலோ சேதம் இருப்பதற்குத் தெளிவான சான்று இல்லாத இந்த மாதிரி வலிக்கு, சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2017-இல் தனிப் பெயரே கொடுத்துவிட்டது. அதனால் யாரும் உன்னைச் சந்தேகப்பட வேண்டியதில்லை, நீயும் உன்னைச் சந்தேகப்படாதே.

வலிக்கிறது என்று அசையாமல் படுத்துவிடாதே, கொஞ்சம் கொஞ்சமாக நட. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கு, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகிற வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணியும். நேரத்தோடு தூங்கு. கையில் மரப்போ பலக்குறைவோ வந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போ. தூங்கும்மா, முதலில் தூங்கு, மற்றதெல்லாம் அப்புறம்.

அம்மா படுத்திருந்த சமயத்தில் இந்த வீட்டைத் தாங்கியது நீதான், அண்ணன்கூட உடைந்துபோனான். எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா. ஆனால் அவ்வளவு பேருடைய கஷ்டத்தையும் கேட்ட பிள்ளை, தன் கஷ்டத்தை மட்டும் ஒருவரிடமும் சொல்லாது என்றால் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. நீ வீடு மாறிய பிறகுதான் இந்த வலி தொடங்கியது. ஏன் மாறினாய் என்று அன்றைக்கும் நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

என்னிடம் சொல்ல வேண்டாம். ஒரு மனநல ஆலோசகரிடம் போ, நாள்பட்ட வலிக்கான சிகிச்சையில் அதுவும் ஒரு பகுதிதான், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இல்லையென்றால் அண்ணனிடம் சொல். அப்பாவிடம் சொல்லாதே என்று அவனிடம் சொல்லிவிடு, நான் அவன் வாயைக் கிளற மாட்டேன்.

அப்பா