முதலில் தெலுக் ஆயர் தெரு

சிங்கப்பூர்

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் படிப்பு முடிந்ததும் குடும்பத்தோடு இங்கு வருகிறாய் என்றதில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அக்காவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது கோல் இல்லாமல் நடக்கிறார். உன்னை மிகவும் விசாரித்தார்.

நகர மையத்துக்கு ஒரே நாள்தான் ஒதுக்க முடியும் என்கிறாய். மெர்லயன் சிலையையும் மரினா பே விளக்குகளையும் மாலைக்கு வைத்துக்கொள். காலையில், வெயில் ஏறுமுன், தெலுக் ஆயர் தெருவுக்குப் போய்விடுவோம்.

இன்று சுற்றிலும் வானுயர்ந்த அலுவலகக் கட்டடங்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்க்கும்வரை அந்தத் தெருதான் கடற்கரை. கடல் கடந்து உயிரோடு கரை சேர்ந்தவர்கள் இறங்கிய இடத்திலேயே தொழுதார்கள். கடல் தெய்வம் மாஸுவுக்குச் சீனர்கள் 1842இல் கட்டி முடித்த தியான் ஹொக் கெங் கோயில் நடுவில். ஒரு பக்கம் நம் சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா, மறுபக்கம் சற்றுத் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல். குடிசையாகத் தொடங்கியதால் அதற்குக் குச்சுப் பள்ளி என்றே பெயர். தர்காவின் முன் நின்று அண்ணாந்து பார்: கீழே ஐரோப்பியப் பாணித் தூண்கள், மேலே துளைவேலைப்பாடு செய்த குட்டி அரண்மனை முகப்பு, மூலைகளில் அடுக்கடுக்காக மினார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் நடக்கிற தூரம்தான். 1819இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் நிறுவியது. தீபாவளிக்குச் சில நாள் முன்பு தீமிதி நடக்கும்.

பிறகு ஆற்றோரம். 1869இல் கட்டிய கேவனா பாலத்தில் மாடு, குதிரைகளுக்கு அனுமதியில்லை என்ற பழைய பலகை இன்னும் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பாலம் தாண்டினால் அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹௌசி பிரபு 1850இல் வந்து போனதன் நினைவுத் தூண். ஆங்கிலம், சீனம், ஜாவி என்ற அரபு வழி எழுத்தில் மலாய் ஆகியவற்றோடு தமிழும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்த ஊரில் தமிழ் நேற்று வந்து ஒட்டிக்கொண்டதல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. பலர் திரும்பிப் பார்க்காமலே கடந்துபோகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

மார்க்கெட் தெருவை மட்டும் உனக்காகத் தனியே வைத்திருக்கிறேன். உன் தாத்தா பெட்டியடிப் பையனாக, அதாவது செட்டியார் வட்டிக்கடையின் எடுபிடிப் பையனாக, வந்து கணக்கெழுதியது அங்கேதானே? செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிக் கட்டடங்களை இடித்துப் பல ஆண்டுகளாகிவிட்டன. தெரு இருக்கிறது, பெயர் இருக்கிறது. கிளம்புமுன் அவருடைய பழைய கடிதங்களைப் புரட்டி, கதவிலக்கம் இருந்தால் குறித்து வா. பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டு இடத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கலாம்.

பருத்திச் சட்டைகளும் குடையும் மறக்காதே. விமானம் வரும் நேரத்தை எழுது; அழைத்துப்போக வருகிறேன்.

அன்புடன்,
சேகர்