நன்றாக இருக்கும்போதே எழுதிவிடு

அன்பு மகளுக்கு,

வீட்டை வாடகைக்கு விடப்போவதாகவும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவை வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். ஒரே மூச்சில் வீட்டுக்காரியும் ஆகிவிட்டாய், முதலாளியும் ஆகிவிட்டாய். "தெரிந்தவர்கள்தானே, எதற்கு ஒப்பந்தம்?" என்று கேட்டிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

தெரிந்தவர்கள் என்பதால்தான் எழுதிக்கொள்ள வேண்டும். முகம் கோணிய பிறகு உட்கார்ந்து எழுத முடியாது. அப்போது ஆளுக்கொரு ஞாபகம் இருக்கும், யாரும் வேண்டுமென்று பொய் சொல்லாமலேயே.

வாடகை வீட்டுச் சண்டை பெரும்பாலும் முன்பணத்தைத் திருப்பித் தரும்போதுதான் வரும். சுவரில் உள்ள கறை முன்பே இருந்ததா, இவர்கள் வந்த பிறகா? சாவி கொடுக்கும் அன்று குடிவருபவரையும் கூட வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையையும் படம் எடு, மின்சார மீட்டரையும் சேர்த்து. படங்களை அன்றே அவருக்கும் அனுப்பிவிடு. சாதாரணத் தேய்மானத்துக்கெல்லாம் பிடித்தம் செய்யாதே. ஆள் நடமாடினால் தரை தேயத்தான் செய்யும். அப்புறம், வாடகை வரவில்லை என்று நீயாகப் பூட்டை மாற்றவோ மின்சாரத்தை நிறுத்தவோ கூடாது. வீடு உன்னுடையதுதான். ஆனாலும் குடியிருப்பவரை வெளியேற்றப் பெரும்பாலான நாடுகளில் சட்டப்படியான வழிதான் உண்டு. கோபத்தில் பூட்டுப் போட்டால், பாக்கி வைத்தவரே உன்மேல் வழக்குப் போடுவார்.

அந்த அம்மாவை "வீட்டு மனுஷி மாதிரி" என்கிறாய். சந்தோஷம். ஆனால் வேலை நேரம், சம்பளம், விடுப்பு, நின்றுகொள்ள எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும், இதெல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். வீட்டு மனுஷி என்று சொல்லியே ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்குகிறவர்கள் நிறைய. வீட்டுப் பணியாளர்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் ஏற்ற 189-ஆவது உடன்படிக்கை, வாரத்துக்குத் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. எல்லா நாடுகளும் அதில் சேரவில்லை. நீ சேர்ந்துகொள்ளலாம்.

கொழுந்தனாருக்குக் கொடுத்த கடனைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறாய். சரி, ஆனால் கடனை வழக்குப் போட்டு வாங்கக் காலவரம்பு உண்டு: இந்தியாவில் பொதுவாக 3 ஆண்டு, இங்கிலாந்தில் 6. அதற்குள் "இவ்வளவு பாக்கி" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால், காலம் மறுபடி முதலிலிருந்து ஓடும். நீ கேட்க வேண்டாம், மாப்பிள்ளையே கேட்கட்டும்.

கடைசியாக, நான் உன் பெயருக்கு எழுதித் தந்த பவர் பத்திரம் என் ஆயுள் வரைதான். அதற்குப் பிறகு அதை வைத்து நீ எதில் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. பிறகு உயில்தான். அதையும் எழுதிவிட்டேன். சாட்சிக்கு உன்னையோ தம்பியையோ கூப்பிடவில்லை என்று வருத்தப்படாதே. சொத்து பெறுகிறவரே சாட்சியாக நின்றால் பல நாட்டுச் சட்டங்களில் அவருடைய பங்கு போய்விடும். போனில் அம்மாவிடம் இந்தப் பேச்சை எடுக்காதே. உயில் என்றாலே எழுந்து போய்விடுகிறாள்.

அன்புடன்,
அப்பா