அத்தைக்கு: எனக்கு என்றைக்கு வேலை, என்றைக்கு வேலை இல்லை

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் ஊருக்குப் போய் இன்றோடு 8 நாள் ஆகிறது. ஊரில் பாரதக் கூத்துத் திருவிழா முடிந்து, தீ மிதித்து, எல்லாம் அடங்கிய பிறகுதான் வருவீர்கள் என்று தெரியும். அதுவரை எனக்குப் பொறுக்கவில்லை. போனில் எழுத்து எறும்பு மாதிரி ஊர்கிறது என்பீர்கள். கொழுந்தனார் மகனிடம் சொல்லியிருக்கிறேன், திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவான். பக்கத்தில் நாலு பேர் கேட்டாலும் பரவாயில்லை. என்னோடு நடிக்கிற பெண்கள் பல பேர் வீட்டிலும் ஓர் அத்தையோ அம்மாவோ இருக்கிறார், அவர்களுக்கும் சேர்த்தே இருக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

பஸ் ஏறும்போது ஒரு வார்த்தை சொன்னீர்கள். "உனக்கு என்னிக்கு வேல, என்னிக்கு வேல இல்லன்னு சொல்லிட்டினா, நானும் அதுக்குத் தக்கன இருந்துக்குவேன்மா." கோபத்தில் சொல்லவில்லை. அதனாலேயே உறுத்துகிறது. மேடையில் வசனம் மறந்தால் எதையாவது சொல்லி ஒப்பேற்றிவிடுவேன். பஸ் ஸ்டாண்டில் அது முடியவில்லை. தலையாட்டிவிட்டுப் பையைத் தூக்கிக் கொடுத்தேன்.

நீங்கள் செய்யாறு பக்கத்துக்காரர். நடிப்புப் பயிற்சிக்குப் போன காலத்தில் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட தெருக்கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்பத் தம்பிரான், உங்களுக்கு இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு விடிய விடியப் பார்த்த மனுஷர். 1977-இல் ந. முத்துசாமி ஆரம்பித்த கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் இருந்து இங்கே நவீன நாடகம் பழகிய எத்தனையோ பேருக்கு அவர் ஊரான புரிசை, குலதெய்வம் இருக்கிற ஊர் மாதிரி. அங்கிருந்து வந்த உங்களுக்கு நான் நாடகம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில், "மருமவ வேஷம் கட்டுது" என்று நீங்கள் பக்கத்து வீட்டில் சாதாரணமாகச் சொன்னதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். என் அம்மாவே அப்படிச் சொன்னதில்லை, "ஏதோ ஸ்கூல்ல க்ளாஸ் எடுக்குறா" என்று முடித்துக்கொள்வார்.

ஆனால் உங்கள் ஊர்க் கூத்துக்காரர் வீட்டு நாள்கணக்கு வேறு. பங்குனியில் ஆட்டத்துக்கு ஒத்துக்கொண்டு தாம்பூலம் வாங்க ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் ராத்திரி எல்லாம் ஆட்டம். மழை பிடித்தால் நிலத்து வேலை, இல்லையென்றால் தறி. பகலில் ஒரு மனுஷர் திண்ணையில் துண்டை விரித்துத் தூங்கினால், ராத்திரி முழுக்கக் கிரீடமும் புஜக்கட்டையும் சுமந்தவர் என்று தெருவுக்கே தெரியும். பிள்ளைகள்கூடச் சத்தம் போடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் அபார்ட்மெண்டில் காலை 10 மணிக்கு நான் படுத்திருந்தால் வாட்ச்மேன் வரைக்கும் காய்ச்சலா என்று கேட்கிறார்.

எனக்குப் பங்குனியும் இல்லை, ஆடியும் இல்லை. நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை பள்ளிக்கூட ஆண்டு விழாக்கள், அது ஒன்றுதான் கொஞ்சம் நிச்சயம். மற்றதெல்லாம் போன் வந்தால் உண்டு. நாடகம் என்றால் ஒத்திகை சாயங்காலம் 6 மணிக்குத்தான் ஆரம்பிக்கும், ஏனென்றால் கூட நடிக்கிறவர்களில் பாதிப் பேர் ஆபீஸ் முடித்து வரவேண்டும். 9 மணி என்று சொல்லி 10 ஆகும். வீட்டுக்கு ஆள் தேவைப்படுகிற நேரமும் சரியாக அந்த 6 முதல் 9 தான். பாப்பாவுக்கு ஹோம்வொர்க், குக்கர், தோசை மாவு, மறுநாளுக்கு யூனிபார்ம். அந்த மூன்று மணி நேரத்தை ஆறு வருஷமாக நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்கள்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் என்று ஒன்று உண்டு அத்தை. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் மாதிரி நாடகங்கள். கம்பெனி என்று ஒன்று கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகியான ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். ஒவ்வொருவரையும் அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் தனித்தனியாகப் பேசி வைப்பார்கள். அதனால்தான் அது ஸ்பெஷல். ஃப்ரீலான்ஸ் என்று இப்போது நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதை அவர்கள் நூறு வருஷமாகச் செய்கிறார்கள். அங்கே ஒத்திகை கிடையாது. எல்லாருக்கும் கதையும் பாட்டும் மனப்பாடம், நேராக மேடைக்கு வந்து ஆடிவிட்டு, விடிந்ததும் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு அதைக் கேட்டால் ஏக்கமாக இருக்கும். போன நாடகத்துக்கு 40 நாள் ஒத்திகை பார்த்தோம். எழும்பூர் மியூசியம் தியேட்டரில் 3 காட்சி. கைக்கு வந்தது 15,000 ரூபாய். ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் போனது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பணத்தைப் பற்றிச் சொல்கிறேனே, அந்தப் பள்ளிக்கூட விஷயம் உங்களுக்கு நினைவிருக்கும். ஜனவரியில் 30 பிள்ளைகளை வைத்து 20 நிமிஷ நாடகம் போட்டுக் கொடுத்தேன். விழா முடிந்து பொன்னாடை எல்லாம் போர்த்தினார்கள். செக் வந்தது ஏப்ரலில், 10 சதவீதம் டிடிஎஸ் என்று வரியைப் பிடித்துக்கொண்டு. இடையில் பாப்பாவுக்கு டெர்ம் ஃபீஸ் கட்ட உங்கள் சீட்டுப் பணத்தைத்தான் கேட்டேன். எதற்கு, எப்போது தருவாய் என்று ஒரு கேள்வி இல்லாமல் சுருக்குப் பையை அவிழ்த்தீர்கள். பாப்பாவின் பள்ளியில் கொடுத்த படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் உங்கள் மகன் 'இல்லத்தரசி' என்று எழுதிவைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, கட்டம் சின்னதாக இருந்தது என்றார்! அன்றைக்கு அவருக்கு நான் தோசை சுட்டுக் கொடுக்கவில்லை. நீங்கள் சுட்டுக் கொடுத்தீர்கள், அது வேறு விஷயம்.

வீட்டில் வசனம் பார்ப்பதில் உள்ள கூத்து இன்னொரு கதை. "இந்த வீட்டுல இனிமே ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்" என்று நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பதினைந்து தடவை பதினைந்து விதமாகச் சொல்லிப் பார்த்த நாளில், எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டி, "எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்மா" என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் சிரிக்காமல், "ஆமாம்மா, நான் கொஞ்சம் வாய் ஜாஸ்தி" என்று பழியை ஏற்றுக்கொண்டீர்கள். அப்புறம் ஒரு நாள் நான் அடுத்த வரி வராமல் நின்றபோது, தேங்காய் துருவிக்கொண்டே நீங்கள் அதை எடுத்துக் கொடுத்தீர்கள். கேட்டுக் கேட்டு உங்களுக்கு முழு நாடகமும் பாடமாகியிருந்தது. இயக்குநரிடம் சொன்னேன், அடுத்த நாடகத்துக்கு அவரையே கூட்டி வா என்றார்.

சரி, சுற்றி வளைத்தது போதும். நான் சொல்ல வந்தது இதுதான்.

போன வருஷம் 9 நாள், ஒத்திகை என்று உங்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிய நாட்களில் ஒத்திகை இல்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். கையில் நாடகப் பிரதி, ஒரு பென்சில், நீங்கள் கட்டிக் கொடுத்த தயிர் சாதம். சில நாள் பிரதியைக்கூடத் திறக்கவில்லை. நான் ஏற்கப் போகிற பெண் எப்படி உட்காருவாள், கோபம் வந்தால் கையை எங்கே வைத்துக்கொள்வாள் என்று யோசித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை வீட்டில் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்து பார்த்தேன். சோபாவில் பிரதியோடு உட்கார்ந்தால் முதலில் சிலிண்டர் வரும். அப்புறம் கூரியர். அப்புறம் உங்கள் மகன் போனில், "நீ வீட்லதானே இருக்க, அந்த கேஸ் புக்கை போட்டோ எடுத்து அனுப்பு" என்பார். நீங்கள் எதுவும் கேட்கமாட்டீர்கள். ஆனால் முழங்கால் வலியோடு துணி காயப்போட மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்கும். அதற்கு மேல் என்னால் உட்கார முடியாது. பாத்திரத்தில் சாம்பார் கொதித்தால் வேலை நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஒருத்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அது வேலை என்று யாரிடம் சொல்வது? சொல்லத் தெரியாமல் பொய் சொன்னேன்.

அந்த 9 நாளில் ஒரு நாள்தான் பாப்பாவுக்குப் பள்ளியில் காய்ச்சல் வந்தது. என் போனை நான் பைக்குள் போட்டிருந்தேன். பள்ளியில் இருந்து உங்களைக் கூப்பிட்டார்கள். ஆட்டோ கிடைக்காமல் மே மாத வெயில் மாதிரி அடித்த அந்த செப்டம்பர் வெயிலில் நீங்கள் நடந்தே போய்க் கூட்டி வந்திருக்கிறீர்கள். சாயங்காலம் நான் பதறிக்கொண்டு வந்து, என்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டதற்கு, "ஒத்திகைல இருப்ப, மனசு கலைஞ்சிடும்னு உட்டுட்டேன்" என்றீர்கள். பாப்பா அப்போது உங்கள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஏசியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததை அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் பக்கத்துக் கூத்தில் பெரும்பாலும் ஆண்கள்தானே பாஞ்சாலி வேஷம் கட்டுவார்கள். விடிய விடியத் தலையை விரித்துப் போட்டுச் சபதம் செய்துவிட்டு, அரிதாரத்தைக் கலைத்து வீட்டுக்கு வந்தால், வெந்நீர் போட்டு வைக்க நிஜமான பெண் ஒருத்தி இருப்பாள். மாட்டைப் பார்த்திருப்பாள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியிருப்பாள். எனக்கும் அப்படி ஒரு பெண் இருக்கிறார், உங்கள் வடிவத்தில். உங்களுக்கு யாரும் இல்லை. நான் மேடையில் பெண்களின் பாடு பற்றி வசனம் பேசிக் கைதட்டு வாங்குகிற நேரத்தில் நீங்கள் 66 வயதில் எங்கள் வீட்டுப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் மகன் ஹாலில் நியூஸ் பார்ப்பார். அவரிடம் இந்த வாரம் பேசினேன். இனிமேல் ஒத்திகை இருக்கிற நாட்களில் ராத்திரிச் சமையலும் ஹோம்வொர்க்கும் அவர் பொறுப்பு. மூன்று நாள் ஆகிறது. ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் உப்பில்லாத உப்புமா, நேற்று ஹோட்டல். போகப் போகப் பார்க்கலாம்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வேலை இருக்கும் நாள், இல்லாத நாள் என்று என்னிடம் இரண்டு வகை இல்லை அத்தை. அடுப்படிக் காலண்டரில் இனிமேல் எழுதி வைக்கிறேன். அட்வான்ஸ் வந்த தேதி பேனாவில். பேச்சு அளவில் இருப்பது பென்சிலில், அதை அழிக்க வேண்டியும் வரலாம், நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வட்டம் போட்டிருந்தால் நான் வீட்டில்தான் இருப்பேன், ஆனால் இருக்கமாட்டேன். எதுவும் எழுதாத நாள் நிறைய இருக்கும். அன்றைக்கு மாடிப்படி ஏறுவது நான்.

போன வருஷம் நாத்தனார் வளைகாப்பு அன்று பள்ளி நிகழ்ச்சி ஒன்றுக்கு ஒத்துக்கொண்டு வந்து நின்றேனே, அந்த மாதிரி இனி நடக்காது என்று சத்தியமெல்லாம் செய்ய மாட்டேன். காலண்டரைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

அர்ச்சுனன் தபசுக்குப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அர்ச்சுனன் வேஷக்காரர் அந்தக் கம்பம் ஏறிக்கொண்டே பாடுவதை நீங்கள் சொல்லிச் சொல்லி, அவள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறி வில்வ இலை எறிந்துகொண்டிருக்கிறாள். அன்றைக்கு இங்கே ஓர் ஒத்திகை இருக்கிறது. பென்சிலில்தான் எழுதியிருந்தேன், அழித்துவிட்டேன்.

முன்னால் இடம் பிடித்து ஒரு பாய் போட்டு வையுங்கள். திரும்பும்போது எடுத்து வர மல்லாட்டை, அதான் நிலக்கடலை, கிடைத்தால் கேட்டு வையுங்கள், பச்சையாகவே. முழங்காலுக்குத் தைலம் தீர்ந்திருக்கும், கொண்டு வருகிறேன்.

உங்கள் மருமகள்